கோஹிமா: டென்னிஸ் மைதானமும் 917 பெயர்களும்

திமாப்பூரிலிருந்து நாகாலாந்தின் தலைநகர் கோஹிமா சுமார் 74 கிலோமீட்டர்தான். அந்தக் கணக்கை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். சாலை விரிவாக்கப் பணி, மண்சரிவு, முன்னால் ஊர்ந்து போகும் லாரிகள் என்று அரை நாளையே விழுங்கிவிடும். ஷேர் சுமோவில் முன் இருக்கை கிடைத்தால் பாக்கியம். நாகாலாந்துக்குள் நுழைய நமக்கும் இன்னர் லைன் பர்மிட் என்ற நுழைவு அனுமதி வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இந்தச் சாலையைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் இரண்டாம் உலகப் போரில் கோஹிமாவில் அத்தனை பேர் செத்ததே இந்தச் சாலைக்காகத்தான். திமாப்பூரில் ரயில் நிலையமும் பிரிட்டிஷாரின் பெரும் ராணுவக் கிடங்கும் இருந்தன. அங்கிருந்து இம்பாலுக்கு உணவும் குண்டும் போன வழி இது. 1944 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானின் 31ஆவது டிவிஷன், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுடன் மலைகளைத் தாண்டி வந்து கோஹிமாவை வளைத்தது. உள்ளே பிரிட்டிஷ் தரப்பில் இருந்தவர்கள், துப்பாக்கி பிடிக்காதவர்களையும் சேர்த்துச் சுமார் 2,500 பேர்.

போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரின் பரபரப்பான சந்திப்பை ஒட்டியே குன்று எழுகிறது. கீழே ஹாரன் சத்தம் ஓய்வதில்லை. உள்ளே நுழைந்து நாலு படி ஏறினால் வெட்டிவிட்ட புல், ரோஜாச் செடிகள், அடுக்கடுக்காக மேலேறும் கல்லறை வரிசைகள். மொத்தம் 1,420 பேர். ஒவ்வொன்றும் முழங்காலுக்கும் கீழான சிறு கல்; அதன்மேல் வெண்கலத் தகடு. படைப்பிரிவின் சின்னம், எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது. சிலவற்றில் அடியில் குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரி. அதைப் படிக்கக் குனிய வேண்டும். அம்மா, அப்பா, மனைவி என்று யாரோ ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, சில சொற்களுக்குள் அடக்கிய வரி அது. பாதிக்கு மேல் படிக்க எனக்குத் தெம்பில்லை.

பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற இருவர் இங்கே இருக்கிறார்கள். லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மனின் தந்தை, இங்கிலாந்தின் மேற்குக் கடலில் லண்டி என்ற தீவையே சொந்தமாக வைத்திருந்தவர். மகன் தனி ஆளாக எதிரி நிலைகளை நோக்கிப் பாய்ந்து முடித்துவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டு, ஏப்ரல் 9 அன்று இறந்தார். வயது 29. இன்னொருவர் கேப்டன் ஜான் ராண்டல். மே 6 அன்று ஜப்பானியப் பதுங்குகுழிக்குள் கையெறி குண்டைப் போட்டுவிட்டு, அதன் வாயைத் தன் உடலாலேயே அடைத்தார்.

மேலே போனால் அந்த டென்னிஸ் மைதானம். துணை ஆணையர் சார்லஸ் பாவ்சியின் பங்களாவைச் சேர்ந்தது. பங்களா தரைமட்டமாகிவிட்டது, மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளைக் கான்கிரீட்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கக் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்கு நடந்து பார்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் கடந்துவிட்டேன். இந்த இடைவெளியில்தான் இரு தரப்பும் குழிதோண்டிப் படுத்து, வாரக்கணக்கில் ஒருவர்மேல் ஒருவர் கையெறி குண்டு வீசிக்கொண்டார்கள். வானிலிருந்து போட்ட தண்ணீரும் உணவும் பல சமயம் ஜப்பானியர் பக்கமே விழுந்தன. காயம்பட்டுக் கிடந்தவர்கள் கிடந்த இடத்திலேயே மறுபடி காயம்பட்டார்கள். ஏப்ரல் 18 அன்றுதான் முற்றுகையை உடைத்து உதவிப் படை வந்து சேர்ந்தது. மைதானம் முழுதாக பிரிட்டிஷார் கைக்கு வந்தது மே 13 அன்று, ஒரு டாங்கியை எப்படியோ இந்தச் சரிவில் கொண்டுவந்து இறக்கிய பிறகு. நான் போன அன்று அங்கே கல்லூரிப் பிள்ளைகள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை. அவர்கள் ஊர், அவர்கள் குன்று.

குன்றின் உச்சிப் பகுதியில் தகனம் செய்யப்பட்ட வீரர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள். எரித்தவர்களுக்குக் கல்லறை ஏது? அதனால் பெயர் மட்டும். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லும் ஒரு பிடி பூச்செடியும் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, இங்கே நெருக்கி நெருக்கி வரிசையாக நிற்கும் பெயர்களில் கண் நிற்கவில்லை. வயது இல்லை, வீட்டார் எழுதிய வரி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனை வீடுகளுக்குச் சாவுச் செய்தி சொல்லும் அந்தத் தந்தி போயிருக்குமோ!

வருகிற பயணிகளில் பலர் டென்னிஸ் மைதானத்தோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இதையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இந்தக் குன்றில் பெயரே இல்லாதவர்களும் உண்டு. மூட்டை சுமந்த, காயம்பட்டோரைத் தூக்கிச் சென்ற, வழிகாட்டிய நாகா மக்கள் இல்லாமல் இந்தப் போரை வென்றிருக்க முடியாது. அவர்களுடைய கோஹிமா கிராமமும் குண்டுகளில் அழிந்தது. உயிரோடு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷன் வீரர்கள் அந்தக் கடனை மறக்கவில்லை. முதுமையில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நாகா பிள்ளைகளுக்கு அது கல்வி உதவித்தொகை தருகிறது. ஒரு கல் நடுவதைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

ஜப்பானியருக்கும் இங்கே கல்லறை இல்லை. கையில் கொண்டுவந்த உணவு தீர்ந்து, மேலிடம் மறுத்தும் அவர்களுடைய தளபதி சாட்டோ படையைப் பின்வாங்கச் செய்தார். போகிற வழியெல்லாம் பசியிலும் நோயிலும் விழுந்தவர்கள் ஏராளம். அவர்களோடு இந்த எல்லையில் நின்ற நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.), மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரே போரில் இந்தியன் இரு பக்கமும் நின்றிருக்கிறான். ஒரு பக்கத்துப் பெயர்கள்தான் இந்த மலையில் இருக்கின்றன.

மறுபக்கத்தைப் பார்க்க இம்பால் வழியாக மணிப்பூரின் மொய்ராங் ஊருக்குப் போக வேண்டும். சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் மாதிரி ஒன்று மொய்ராங்கில் நிற்கிறது. கோஹிமாவிலிருந்து நேரே அங்கே போவதுதான் என் திட்டம். மணிப்பூர் நிலவரம் சரியில்லை என்று விடுதிக்காரர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மறுநாள் காலை திமாப்பூர் சுமோவில் ஏறினேன், இந்த முறை பின் இருக்கையில்.