கண்மாய் உள்வாயில் வண்டி புதைந்தால்: செட்டிநாட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு பெல்ட் பற்றி

கானாடுகாத்தான் வீதிகளில் நடக்கும்போது தரையின் சாய்மானத்தைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டுக்கூரையில் விழுகிற மழை முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தெரு வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போய்ச் சேருகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியிலும் அதே கணக்குதான். மேட்டுத் தண்ணீர் முழுக்கக் கண்மாயில் இறங்கும். மேட்டில் செம்புராங்கல்லும் சரளையும், பள்ளத்தில் வண்டலும் களியும். மேட்டில் எந்த வண்டியும் ஓடும். பள்ளத்தில் ஃபோர் வீல் டிரைவும் உட்கார்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நின்றபின் மார்கழி, தை மாதங்களில்தான் ஆபத்து அதிகம். உள்வாயின், அதாவது கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கிற பகுதியின், ஓரம் வெள்ளையாகக் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருக்கும். பார்த்தால் கெட்டித்தரை. ஒரு சாண் கீழே கூழ். இறங்குவதற்கு முன் ஒரு கம்பை ஊன்றிப் பாருங்கள். மேல் ஓடு உடைந்ததும் கம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் கரையோடு திரும்பிவிடுவதே நல்லது. அதையும் மீறிப் புதைந்தால் வண்டியை வெளியே இழுக்க பெல்ட் வேண்டும். எந்த பெல்ட் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

கடையில் எல்லாமே ஒரே மாதிரி நாடாவாகத் தெரியும், ஆனால் வேலை வேறு வேறு. ஸ்னாட்ச் பெல்ட் நைலானில் நெய்தது. இழுக்கும்போது சுமார் 20 சதவீதம் நீளும், நீண்டது சுருங்குகிற விசையில் வண்டி சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். டோ பெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது நீளாது, ஓடாத வண்டியைச் சாலையில் மெதுவாக இழுத்துப் போகத்தான் அது. இதைக் கட்டி வெட்டி இழுத்தால், அதாவது தொய்விலிருந்து திடீரென இழுத்தால், அதிர்ச்சி முழுவதும் கொக்கிக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் போகும். கிரேனில் பாரம் தூக்குகிற மஞ்சள், பச்சை பெல்ட்டும் பாலியெஸ்டர்தான். நிதானமாக இழுக்க உதவும், வெட்டி இழுக்க உதவாது. மரத்தில் சுற்றுகிற அகலப் பட்டை நான்காவது வகை. வண்டியில் கம்பியைச் சுருட்டி இழுக்கிற வின்ச் வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம். புளியமரத்தின் அடியில், தரையை ஒட்டிச் சுற்றுங்கள். சீமைக்கருவேலத்தை நம்ப வேண்டாம். ஸ்னாட்ச் பெல்ட்டை மரத்தில் சுற்றுவதும், வின்ச் கம்பிக்கு நீட்டிப்பாகக் கட்டுவதும் கூடவே கூடாது.

ஸ்னாட்ச் பெல்ட்டின் பலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு வண்டிகளில் எது இலகுவோ, அதன் பாரத்தோடு சேர்ந்த முழு எடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுபடும் பலம் அதைப்போல் 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும். 2,700 கிலோ வண்டி என்றால் 5,400 முதல் 8,100 கிலோ. அதற்கு 60 மி.மீ. அகலம், 9 மீட்டர் நீளத்தில் கிடைக்கிற 8 டன் பெல்ட் சரி. ஜிப்ஸி, ஜிம்னி மாதிரி சின்ன வண்டிக்கு அதே 8 டன் பெல்ட் விறைப்பாக இருக்கும். நீளவே நீளாது, கொக்கிதான் அடி வாங்கும். ‘பலமானதையே வாங்கிவிடுவோம்’ என்பது இந்தச் சாமானுக்குப் பொருந்தாது. நைலான் நனைந்தால் 15–20 சதவீதம் வரை பலம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கண்மாயில் அது நனையாமல் இருக்கப்போவதில்லை.

பெல்ட்டைவிட ஆபத்தானது அது மாட்டப்படும் இடம். ட்ரெய்லர் மாட்டுகிற உருண்டைக் கொக்கியில் மாட்டவே மாட்டாதீர்கள். வெட்டி இழுக்கையில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். உலகம் முழுக்க இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக அடியில் வைத்த வளையமும், பம்பரில் திருகி மாட்டுகிற கொக்கியும் ஸ்னாட்ச் இழுப்புக்கு அல்ல. சேஸில் போல்ட் போட்டு இறுக்கிய, பலம் குறித்த கொக்கிதான் வேண்டும். பெல்ட்டைக் கொக்கியோடு இணைக்கிற, குறுக்கே திருகாணி போட்ட இரும்பு வளையம்தான் ஷாக்கிள். அதில் 3.25 அல்லது 4.75 டன் என்று பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத ஷாக்கிளை வாங்காதீர்கள். ஆணியைக் கையால் முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று திரும்பத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் இழுத்து முடித்தபின் கழலாது. இரண்டு பெல்ட்டை இணைக்க நடுவில் ஷாக்கிள் போடவே கூடாது. ஒன்றின் காதுக்குள் (நுனியில் தைத்த வளையத்துக்குள்) மற்றதைக் கோத்து, முடிச்சு நடுவே சுருட்டிய செய்தித்தாளை வையுங்கள். பிறகு பிரிக்க எளிது.

இனி மண்வெட்டி. களிமண் டயரை உறிஞ்சிப் பிடிக்கும், ஆக்ஸில் தரையில் உட்கார்ந்திருந்தால் அது கலப்பை மாதிரி உழுது நிற்கும். நான்கு சக்கரத்துக்கும் இழுக்கப்போகிற பக்கத்தில் சாய்வாக வெட்டி விடுங்கள், ஆக்ஸிலுக்கு அடியில் உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். சுற்றிலும் கருவேல முள் இருக்கும், ஆகவே காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் சாமானும் இல்லாமல் இந்தப் பக்கம் வர வேண்டாம். அரை மணி நேரம் வெட்டினால் பெல்ட்டின் வேலை பாதியாகும். முடிந்தால் வந்த தடத்திலேயே பின்னால் இழுப்பது நல்லது, அந்த மண் ஏற்கெனவே அமுங்கியிருக்கும்.

இழுக்கிற வண்டி கெட்டித்தரையில், நேர்கோட்டில் நிற்கட்டும். பெல்ட்டை முறுக்கில்லாமல் விரித்து, 2 மீட்டர் தொய்வை வளைத்து வளைத்துப் போடுங்கள். நடுவில் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள், பெல்ட் அறுந்தால் அது வேகத்தைக் குறைக்கும். வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்களும் பிள்ளைகளும் கூடுவார்கள். பெல்ட் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது, அதாவது 9 மீட்டர் பெல்ட்டுக்கு 14 மீட்டர், பக்கவாட்டில் விலகி நிற்கச் சொல்லுங்கள். நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது, விறைத்த பெல்ட்டை யாரும் தாண்டக் கூடாது. முதல் இழுப்பு நடை வேகத்தில் இருக்கட்டும். லோ ரேஞ்சில் (ஃபோர் வீல் டிரைவின் மெதுவான, பலமான கியரில்), சிக்கிய வண்டியும் அதே நேரம் மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் மணிக்கு 10 கி.மீ. தாண்ட வேண்டாம். மூன்று முறைக்கும் வரவில்லை என்றால் மறுபடி மண்வெட்டிதான். தொடர்ந்து இழுத்தால் நைலான் சூடேறி மீள்தன்மை போய்விடும்.

இரண்டாவது ஜீப் இல்லாவிட்டால் கிடைப்பது டிராக்டர். அதற்கு ஸ்னாட்ச் பெல்ட்டைத் தராதீர்கள். நீளாத பெல்ட்டைக் கொடுத்து, ‘அண்ணே, வெட்டி இழுக்க வேணாம், பெல்ட்டு விறைச்சதும் ஒரே சீரா இழுங்க’ என்று சொல்லுங்கள். டிராக்டரில் கட்டுமிடம் பின்னால் தாழ்வாக உள்ள ட்ரெய்லர் கொக்கியாகவே இருக்கட்டும். அதற்கு மேலே, கலப்பை மாட்டுகிற மேல் கம்பியிலோ ஆக்ஸிலிலோ கட்டினால் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். ஓட்டுகிறவர் அடியில் சிக்குவார். உதவிக்கு வந்தவரின் உயிர் அது. அவர் வழக்கமாகக் கட்டுகிற இடம் வேறாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

திரும்பி வந்து ஆத்தங்குடி கல் பதித்த திண்ணையில் உட்காரும்போது பெல்ட்டை விரலில் மடித்துப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே செம்மண் பொடி மினுங்கும், மடிக்கும் இடத்தில் நறநறக்கும். ஒவ்வொரு துகளும் உள்ளிருந்தே நூலை அறுக்கிற ரம்பம். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் கிடந்தால் நைலான் நொந்துபோகும். உலர்ந்தபின் காதுப்பகுதித் தையலை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு, உருகிப் பளபளக்கும் இடம், தையல் விட்ட இடம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள். முழுசாக விட்டால் யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.