சார்ஜர் நின்றுவிடும், ஆனால் எதைப் பார்த்து?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கண்மாய்க்கு ரிமோட் விமானம் விட வரும் தம்பி போன வாரம் கேட்டான்: “அண்ணே, முடிஞ்சா சார்ஜர் தானா நின்னுடும்ல, அப்புறம் எதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க?” அங்கேயே பதில் சொல்ல நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நின்றுவிடும்தான், ஆனால் அது எதைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஃபோம் விமானங்களில் ஓடுவது 3எஸ் 2200 எம்ஏஎச் லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. 3எஸ் என்றால் மூன்று செல்கள் வரிசையாக, 2200 எம்ஏஎச் என்பது அதன் கொள்ளளவு. ஒரு செல் நிறைந்தால் 4.20 வோல்ட், மூன்றும் சேர்ந்தால் 12.60. தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர்களில்தான் கரண்ட் ஏறும். பக்கத்திலேயே நான்கு மெல்லிய ஒயர்களோடு ஒரு வெள்ளை பிளக் தொங்கும், அதுதான் பேலன்ஸ் பிளக். எந்த செல் எவ்வளவில் இருக்கிறது என்று சார்ஜர் அதன் வழியாகத்தான் பார்க்கிறது. அதைச் செருகாமல் போட்டால் அதற்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டுமே. இரண்டு செல் 4.05-லும் ஒன்று 4.50-லும் இருந்தாலும் கூட்டினால் 12.60 வந்துவிடும். சார்ஜரும் சரியாக முடிந்தது என்று பீப் அடித்து நின்றுவிடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. விமானம் மூக்கு குத்தி விழுந்ததில் வெள்ளை பிளக்கிலிருந்து ஒரு ஒயர் பிய்ந்துவிட்டது, மறுநாள் காலையில் பறக்க வேண்டும் என்ற அவசரம், ஒரு தடவைதானே என்று ஹாலில் வைத்து அப்படியே சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி பேக் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, மேலே சுற்றியிருந்த உறை இழுபட்டுப் பளபளவென்று நிற்கிறது, லேசாக இனிப்பு கலந்த ஒரு கெமிக்கல் வாசனை வேறு. அதே ஹாலில் என் மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிளக்கைப் பிடுங்கி, பேக்கைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். தீப்பிடிக்கவில்லை. ஆனால் அந்த நிலையில் அதைக் கையில் எடுத்ததே பெரிய தப்பு. படியில் வெடித்திருந்தால் முகம் போயிருக்கும், அந்தப் புகையும் சாதாரணப் புகை கிடையாது, நுரையீரலை அரிக்கிற விஷ வாயு அதில் இருக்கிறது.

அதனால்தான் இப்போது, பிரச்சினை வந்தால் தூக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் சார்ஜ் போடுகிறேன். மொட்டை மாடிப் படிக்கட்டின் மேல் தளம், வெயில் படாத மூலை, பெரிய மண் தொட்டி, அடியில் நாலு விரல் உயரத்துக்கு மணல், அதற்குள் பேக். சார்ஜர் வெளியே. தொட்டியை இறுக மூடக் கூடாது, வாயு போக வழி வேண்டும். படுக்கையறை, சோபா, பையின் உள்ளே, இதெல்லாம் கூடவே கூடாது.

ஸ்டார்ட் அழுத்துமுன் திரையில் மூன்று செல்லையும் தனித்தனியாகப் படிப்பேன். 3.78, 3.79, 3.78 என்றால் சரி. 3.80, 3.79, 3.55 என்றால் அந்த மூன்றாவது செல் களைத்துவிட்டது, அன்றைக்கு அந்த பேக் பறக்காது. கரண்ட் 2 ஆம்பியர்தான். 1சி என்பது ஒரு மணி நேரத்தில் நிறைக்கிற வேகம், 2200-க்கு அது 2.2 ஆம்பியர். லேபிளில் 5சி வரை ஏற்றலாம் என்று போட்டிருந்தாலும், ஒரு மணி நேரம் காத்திருப்பதில் நமக்கு ஒன்றும் குறையப் போவதில்லை. மே மாத வெயிலில் பறந்துவிட்டு இறங்கிய பேக் கைக்குச் சூடாக இருக்கும், அது ஆறும் வரை சார்ஜரில் மாட்டவே மாட்டேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வோல்டேஜ் ரொம்ப இறங்கி, சார்ஜர் ஏற்க மறுக்கிற லைப்போவை, சார்ஜரில் நிக்கல் பேட்டரிக்கு இருக்கிற மோடில் வைத்துக் கொஞ்ச நேரம் ஏற்றி எழுப்பலாம் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. செய்யாதீர்கள். நிக்கல் பேட்டரி நிறையும்போது வோல்டேஜ் ஒரு துளி இறங்கும், அந்த மோடில் சார்ஜர் காத்திருப்பது அந்த இறக்கத்துக்குத்தான். லித்தியத்தில் அப்படி ஒரு இறக்கம் வராது, மறந்துவிட்டால் சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதுவும் போக, அடி வரை வடிந்த செல்லில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்புண்டு.

பறக்கப் போகாத வாரம் நிறைந்த பேக்கை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஸ்டோரேஜ் மோடில் போட்டால் செல்லுக்கு 3.80, 3.85 வாக்கில் கொண்டுவந்து நிறுத்தும்.

உப்பிய அந்த பேக்கை மாடியிலேயே ஒரு நாள் விட்டுவைத்தேன். பிறகு 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு ஒன்றை மாட்டி, எட்ட நின்று, வெளிச்சம் முழுக்க அணையும் வரை பார்த்தேன். மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்கும்போது அதன் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, உப்பியது என்று எழுதியும் கொடுத்தேன். தம்பி, அடுத்த ஞாயிறு உன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வா, அந்த வெள்ளை பிளக்கில் ஒயர் எல்லாம் உறுதியாக இருக்கிறதா என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.