கானாடுகாத்தான் மைதானக் குறிப்புகள்

செப்டம்பர் 20, 2023, புதன்

சீனாவின் ஹாங்சோவில், வாலிபாலில் தென்கொரியாவைச் சாய்த்துவிட்டோம்! ஆசியப் போட்டியில் மூன்று முறை தங்கம் வாங்கிய அணி அது. ஐந்தாவது செட் 17-15. நெட் கம்பத்தில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிய செல்போனில், சிக்னல் போய்ப் போய் வர, பையன்கள் பார்த்தார்கள். கடைசிப் பாயின்ட் விழுந்ததும் செம்மண்ணில் புரண்டார்கள். இன்று பயிற்சி நடக்கவில்லை. நடத்தவும் எனக்கு மனமில்லை.

செப்டம்பர் 27, புதன்

ஜப்பானிடமும் பாகிஸ்தானிடமும் தோற்று ஆறாம் இடம். வாலிபாலில் நமக்குக் கடைசியாக ஆசியப் போட்டிப் பதக்கம் கிடைத்தது 1986இல், சியோலில், வெண்கலம்.

அக்டோபர் 8, ஞாயிறு

எங்கள் அணியின் நெட்டையனை மாலத்தீவில் ஒரு கிளப் கேட்டிருக்கிறது, ஒரு சீசனுக்கு. வீட்டில் போய்ச் சொன்னேன். அவன் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தது.

“பந்தடிக்கிறதுக்கா சார் காசு குடுப்பாக?”

“குடுப்பாக ஆத்தா.”

“முன்பணம் உண்டா?”

அசந்துபோனேன். இந்தப் பக்கத்து ஆள்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் செட்டியார் கடைகளுக்குப் போனது மூன்று வருடக் கணக்கில்தான். சம்பளத்தில் ஒரு பங்கை முன்னாலேயே வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். என் பையன்களுக்கு எத்தனை அடி உயரம் எகிறலாம் என்று தெரியும். இதை யாரும் கேட்கத் தெரிந்து வைத்திருக்கவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

நெட்டையன் அடித்த பிறகு இடது காலில் மட்டும் இறங்குகிறான். பந்து தலைக்குப் பின்னால் போய்விடுவதால் உடம்பு சாய்கிறது, மொத்தக் கனமும் ஒரே முழங்காலில் விழுகிறது. மண் தரை என்பதால் இதுவரை தாங்கியது. உள்ளரங்கில் தாங்காது. ஒன்றரை மணி நேரம் பந்தே கொடுக்காமல் ஓட்டம், எகிறல், இரண்டு காலில் இறக்கம், இவ்வளவுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பரவாயில்லை.

நவம்பர் 30, வியாழன்

இன்று வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜ் நினைவு நாள். கண்ணூர் மாவட்டம் பேராவூர்க்காரர், கேரள போலீஸில் இருந்தவர். 1976இல் அர்ஜுனா விருது வாங்கும்போது வயது 21. பிறகு அபுதாபியிலும் இத்தாலியிலும் கிளப்புகளுக்கு ஆடினார். ஆகாயத்திலேயே நின்று அடிப்பார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். 1987இல் இதே நாளில், இத்தாலியில் கார் விபத்து. 32 வயது.

அவர் கடைசியாக ஆடிய மோந்திகியாரி ஊரில் உள்ளரங்கத்துக்கே ‘பாலாஜார்ஜ்’ என்று அவர் பேரை வைத்தார்கள். அந்நிய ஊர் ஒருத்தனைத் தன் பிள்ளையாக வைத்துக்கொண்ட கதை இது. ஆனால் பையன்களிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு: இத்தாலியில் சம்பளத்துக்கு ஆடிய அதே காலத்தில்தான் சியோலில் நம் நாட்டுக்கும் ஆடி, அந்த வெண்கலத்தை வாங்கினார். வெளியே போனவன் திரும்பி வந்து ஆட முடியும்.

டிசம்பர் 3, ஞாயிறு

மாலத்தீவிலிருந்து ஒப்பந்தம் வந்துவிட்டது. சம்பளம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தெளிவாக இருக்கிறது. அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. முன்பணமும் இல்லை. ஐ.டி.சி., அதாவது வெளிநாட்டு கிளப்புக்கு ஆட, நம் சம்மேளனம் ஒப்புக்கொண்டால் கிடைக்கும் மாற்றுச் சான்றிதழ், யார் எடுப்பது என்றும் எழுதவில்லை. அது இல்லாமல் களத்தில் இறங்கவே முடியாது. எந்தத் தேதியில் ஆரம்பித்து எந்தத் தேதியில் முடிகிறது என்பதும் அதில்தான் இருக்கும். நாட்டு அணி முகாமுக்குத் திரும்ப வேண்டியவனுக்கு அந்த முடிவுத் தேதிதான் உயிர்.

மூன்றையும் கேட்டு இரவே கடிதம் எழுதினோம். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, முன்பணத்தை முதலில் எழுதச் சொன்னது. எழுதினேன். பதில் வரும்வரை டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.