காற்றாடிக்கு முன்னால் தரை

மாட்டுக்கொட்டகையில் காற்று சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது மின்விசிறி மாட்டச் சொல்லித்தான். கொட்டகை அமைப்பு, காற்றோட்டம், சாணக் கழிவு மூன்றையும் சேர்த்து ஆராய்கிற ஒரு பண்ணையில் விவசாயிகளுக்கான பயிற்சிக்குப் போனேன். அங்கே மின்விசிறி கடைசியில்தான் வந்தது. திரும்பி வந்து அதே வரிசையில் என் கொட்டகையில் வேலை செய்து முடித்திருக்கிறேன். மாடு வைத்திருப்பவர்களுக்கும் புதிதாகக் கொட்டகை போடப் போகிறவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

வகுப்பறையில் உட்காரவைக்காமல், முதல் வேலையாக எங்களைக் கன்றுகள் கட்டியிருந்த இடத்துக்கு அழைத்துப் போனார்கள். "முட்டி போட்டு உட்காருங்கள், கன்று படுத்திருக்கும்போது அதன் மூக்கு இருக்கிற உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள்" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. நின்றபோது தெரியாத நெடி குனிந்ததும் கண்ணைக் கரித்தது. அம்மோனியா அளக்கும் கருவியை நின்ற உயரத்தில் ஒரு முறையும் ஈரத் தரையை ஒட்டி ஒரு முறையும் பிடித்துக் காட்டினார். இரண்டு எண்களுக்கும் நிறைய வித்தியாசம். மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்க 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்பது பரவலாக வைத்திருக்கிற அளவு. தினமும் உள்ளே புழங்குகிறவர்களின் மூக்கு அந்த நெடிக்குப் பழகிவிடும். அதனால் கொட்டகையை மதிப்பிட நம் மூக்கை மட்டும் நம்பக்கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்றார்.

அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது என்று அவர் விளக்கியதுதான் பயிற்சியிலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. மூத்திரத்தில் யூரியா இருக்கிறது. அதை அம்மோனியாவாக உடைக்கிற யூரியேஸ் என்ற நொதி சாணத்தில் இருக்கிற நுண்ணுயிரிகளிடமிருந்து வருகிறது. இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. தரையில் கலந்து தேங்கினால் சில மணி நேரத்திலேயே வாயு கிளம்பிவிடும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாகக் கிளம்பும். ஆக, கொட்டகைக் காற்று கெடுவது தரையில்தான். தரையைச் சரிசெய்யாமல் விசிறி மாட்டினால், அது ஈரத்தின் மேல் காற்றை வீசி அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடத்தான் செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் என் கொட்டகையை அவர்கள் சொல்லிக்கொடுத்த கண்ணோடு பார்த்தேன். கூரையின் உள்பக்கத்தில் ஒட்டடை கட்டித் தொங்கினால் அங்கே காற்று நகரவில்லை என்று அர்த்தம். தகரத்தின் அடியில் நீர் வடிந்த தடம் இருந்தால் மாடுகள் விடுகிற ஈரமூச்சு வெளியேற வழியில்லை. ஆணிகள் சீக்கிரம் துருப்பிடிப்பதும் அதே கதைதான். மாடுகள் இருக்கிற இடம் முழுக்கப் பரவாமல் ஒரே ஓரத்தில் நெருக்கி நின்றால், காற்று அங்கே மட்டும்தான் கிடைக்கிறது. புகைக்குச்சி ஒன்றைப் பற்றவைத்துக் கொட்டகையின் நடுவில் பிடித்தேன். புகை மேலே போய்க் கூரையில் முட்டி அப்படியே பரவி நின்றது. கூரையின் உச்சியான முகடு முழுக்க மூடிய கட்டுமானம், வேறு என்ன செய்யும்?

ஆனாலும் முதலில் கூரையில் கைவைக்கவில்லை. தரையில்தான் ஆரம்பித்தேன். மாடு நிற்கிற தளத்துக்கு ஒரு மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. சரிவு கொடுத்தேன். அதற்கு மேல் சரித்தால் மாடு நிற்கவும் படுக்கவும் சிரமப்படும், வழுக்கவும் செய்யும். சரிவின் கீழ்முனையில் ஆழமில்லாத ஓடை, அது போய்ச் சேர வெளியே மூடி போட்ட தொட்டி. மூத்திரம் விழுந்ததும் ஓடிவிட வேண்டும், சாணம் மேலேயே நிற்க வேண்டும். நோக்கம் அவ்வளவுதான். தளத்தை வழவழப்பாகப் பூசாமல் கோடு இழுத்துவிட்டோம். அப்புறம் சாணம் வழிப்பதை நாளுக்கு ஒரு முறை கூடுதலாக்கினோம். ஒரு மின்விசிறி கூட மாட்டாத நிலையிலேயே நெடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மாடுகள் காய்ந்த இடத்தில் கூடுதல் நேரம் படுத்து அசைபோட ஆரம்பித்தன. கறவை மாடு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் படுக்க விரும்பும். ஈரத் தரை அந்த நேரத்தைத் திருடிவிடுகிறது.

அடுத்தது முகடு. கொட்டகையின் அகலத்தில் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் 5 செ.மீ. என்ற கணக்கில் முகட்டை நீளம் முழுக்கத் திறந்துவிட வேண்டும். 9 மீட்டர் அகலமென்றால் 15 செ.மீ. திறப்பு. இரண்டு பக்க இறவாரங்களிலும் (கூரையின் கீழ் விளிம்புகளிலும்) சேர்த்துக் குறைந்தது அதே அளவு திறப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே வருகிற காற்றும் வெளியே போகிற காற்றும் ஈடாகும். மாட்டின் உடல் சூட்டில் காற்று லேசாகி மேலே ஏறுகிறது. வெளியே காற்று வீசினால் முகட்டின் மேல் உறிஞ்சும் விசை உண்டாகி, அந்த ஓட்டத்தை இன்னும் இழுத்துவிடுகிறது. மின்சாரம் இல்லாமலே இரவும் பகலும் நடக்கிற வேலை இது.

மழை உள்ளே வராதா என்று பயிற்சியில் எல்லோரும் கேட்டோம். பலத்த மழையில் கொஞ்சம் சாரல் விழத்தான் செய்யும். திறப்பின் இரண்டு ஓரங்களிலும் தகரத்தை நிமிர்த்தி விளிம்பு வைத்தால் பெரும்பகுதி தடுக்கப்படும். முகட்டுக்கு நேர் கீழே மாடு படுக்கிற இடம் வராமல், ஆள் நடக்கிற பாதை வருமாறு பார்த்துக்கொண்டால் போதும். மழைக்குப் பயந்து திறப்பை ஒட்டி மூடி போட்டால் காற்றோட்டம் பாழாகிவிடும். மூடிய கொட்டகையில் மாடுகள் மூச்சிலும் மூத்திரத்திலும் விடுகிற ஈரத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சாரல் ஒன்றுமே இல்லை. குளிர்காலத்திலும் முழுக்க அடைக்கக்கூடாது. குளிரில் மணிக்கு 4 முறையாவது உள்காற்று மாற வேண்டும், வெயில் காலத்தில் 40 முதல் 60 முறை. வளர்ந்த மாடு உலர்ந்த குளிரை நன்றாகவே தாங்கும், ஈரமும் அழுக்குக் காற்றும் சேர்ந்தால்தான் சளியும் இருமலும் வருகின்றன.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மின்விசிறி. மாடு நிற்கிற, படுக்கிற உயரத்தில் நொடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில் காற்று பட வேண்டும். விசிறியின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரைதான் அதன் காற்று உருப்படியாகப் போகும், 90 செ.மீ. விசிறிக்கு 9 மீட்டர். அந்த இடைவெளியில் வரிசையாக, எல்லாவற்றையும் ஒரே திசையில், காற்று வழக்கமாக அடிக்கிற போக்கிலேயே, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினேன். எதிரெதிராக மாட்டியிருப்பதைப் பல பண்ணைகளில் பார்க்கிறேன், பாவம் மாடுகள். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற குறியீடு 72 தாண்டினால் மாட்டுக்குச் சிரமம் என்று முன்பு சொல்வார்கள். அதிகம் பால் கறக்கிற மாடுகளுக்கு 68-லேயே சிரமம் தொடங்குகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கருவி இல்லையா, விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். படுத்திருக்கிற மாடு நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால் அதற்குச் சூடு தாங்கவில்லை. தண்ணீர் தெளிப்பதானால் தோல் நனையும்படி பெரிய துளிகளாகத் தெளித்து, விசிறியால் காயவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். ஏற்கெனவே புழுக்கமான காற்றில் பனிப்புகை மாதிரி தெளித்தால் புழுக்கம்தான் கூடும்.

கன்றுகளுக்குத் தனிக் கணக்கு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் குளிர்காலக் கன்றுக்கொட்டகைகளில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியில் விளக்கினார்கள். காற்றில் பாக்டீரியா குறைவாக இருந்த இடங்களிலும், கன்றுக்கும் கன்றுக்கும் நடுவே அடைத்த தடுப்பு இருந்த இடங்களிலும், கால் மறைகிற அளவு வைக்கோலில் கன்று புதைந்து படுக்க முடிந்த இடங்களிலும் சுவாச நோய் குறைவு. ஆனால் நாலு பக்கமும் அடைத்தால் கூண்டுக்குள் பாக்டீரியா பெருகுகிறது. அதனால் பக்கவாட்டில் மட்டும் அடைத்து, முன்னும் பின்னும் கம்பியாக விட்டேன்.

இனி சாணம். மாடு தன் எடையில் சுமார் 8 சதவீதம் தினமும் சாணமும் மூத்திரமுமாகக் கழிக்கிறது. 500 கிலோ மாட்டுக்கு 40 கிலோ. பாஸ்பரஸ் பெரும்பாலும் சாணத்தில். பொட்டாசியத்தில் பெரும்பகுதியும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியும் மூத்திரத்தில். சாணத்தை மட்டும் சேர்த்துவைத்து மூத்திரத்தை ஓடவிட்டால் பாதி உரத்தை ஓடவிடுகிறோம். தொட்டியில் சேர்கிறதை நான் மக்குக் குவியலை நனைக்கவும், தண்ணீர் கலந்து வயலுக்கு விடவும் பயன்படுத்துகிறேன். வயலுக்கு விட்டால் அன்றைக்கே மண்ணோடு கலந்துவிட வேண்டும், வெயிலில் மேலாகக் கிடந்தால் நைட்ரஜன் காற்றோடு போய்விடும்.

குவியலுக்குச் சாணத்தோடு வைக்கோல் கலந்து கார்பனும் நைட்ரஜனும் 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் வரச் செய்கிறேன். ஈரம் 50 முதல் 60 சதவீதம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. நீளமான வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகிப் பார்ப்பேன். 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நின்று, அதற்குள் 5 முறையாவது புரட்டினால் நோய்க்கிருமிகள் ஒழியும். ஒரு பெருமழைக்குப் பின் சூடு ஏறவே இல்லை. காய்ந்த வைக்கோலைச் சேர்த்துப் புரட்டியதும் ஏறிவிட்டது. குவியலும் தொட்டியும் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்கக்கூடாது.

சாணக்குழி பற்றி ஒன்றைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், நானும் அழுத்திச் சொல்கிறேன். தேங்கிய குழம்பைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு திடீரென்று கிளம்பும். காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500-ஐத் தாண்டினால் ஆள் சாய்ந்துவிடுவார். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும், அவருக்காக இறங்கியவரும் வரிசையாகச் செத்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. மூச்சுக் கருவியும் பயிற்சியும் இல்லாத யாரும் எதற்காகவும் உள்ளே இறங்கக்கூடாது, உடனே மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும். கலக்குவதென்றால் நல்ல காற்று வீசுகிற நாளில், மாடுகளை வெளியே ஓட்டிவிட்டு, பிள்ளைகளை அண்டவிடாமல் செய்யுங்கள். மீத்தேனும் சேர்ந்தே வரும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும் வெடிக்க. பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் கூடாது.

இப்படிப்பட்ட பயிற்சிக்குப் போகிறவர்கள் கொட்டகையின் நீளம், அகலம், உயரம், எந்தத் திசை பார்த்திருக்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கும், மழைக்குப் பின் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து உங்கள் கொட்டகையைப் பார்க்க வருகிறோம் என்றால், கழுவிச் சுத்தம் செய்துவைத்துக் காட்டாதீர்கள். விடிகாலையில், சாணம் வழிப்பதற்கு முன்னால் வரச் சொல்லுங்கள்.