பரவாது, பரவும்

ஜூலை 8
முதலாண்டு இயற்பியல் வகுப்பில் இந்த முறை காது கேளாத மாணவி ஒருவர் இருக்கிறார். உதட்டசைவைப் பார்த்துப் படித்து வந்தவர். நான் பலகைப் பக்கம் திரும்பினால் அவருக்குப் பாடம் நின்றுவிடுகிறது. இத்தனை வருடத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை. நாளை முதல் என் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைத் திரையில் ஓடவிடுகிறோம்.

ஜூலை 9
மைக் மேசையில் இருந்தது. நான் நடந்தபோதெல்லாம் வரிகள் அறுந்தன. பின்வரிசையில் ஒருவர் கேட்ட கேள்வி திரையில் வரவே இல்லை, என் பதில் மட்டும் வந்தது. இனி சட்டையில் குத்தும் மைக். கேள்வியை நான் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பதில்.

ஜூலை 15
மாறிய, விடுபட்ட, புதிதாக நுழைந்த சொற்களைக் கூட்டி, பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சொற்பிழை விகிதம். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், பிழை குறைவுதான். ஆனால் "வெற்றிடத்தில் ஒலி பரவாது" என்றது "பரவும்" என்று விழுந்திருக்கிறது. "அப்புறம்" "அப்ப" ஆனதும் ஒரு பிழை, இதுவும் ஒரு பிழை! அந்த மாணவி அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மனசு கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் எதிர்மறைச் சொற்கள், எண்கள், சூத்திரங்கள் ஆகியவற்றை முதலில் திருத்திவிட்டுத்தான் எழுத்துப் பிரதியைக் கொடுக்கப்போகிறேன்.

ஜூலை 22
கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரத்து செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகம் 1990களின் கடைசியிலேயே 'லிபரேட்டட் லேர்னிங்' என்ற பெயரில் இதைத் தொடங்கியிருக்கிறது. அன்றைக்கு ஆசிரியர் முதலில் பக்கம் பக்கமாக வாசித்து மென்பொருளுக்குத் தன் குரலைப் பழக்க வேண்டும். இன்று அந்தப் பாடு இல்லை. ஆனால் இன்றைய மாடல்கள் சில, நான் பேசாமல் எழுதும் இடைவெளியில், சொல்லாத வாக்கியத்தைத் தாமாகவே இட்டுவிடுகின்றன. எழுதுவதை வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 30
"இதை இங்க கொண்டுவந்தா இது கிடைக்கும்." ஒரு பிழைகூட இல்லாமல் பதிவாகியிருக்கிறது, படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. பார்வையில்லாத மாணவர் ஒருவரும் இந்தப் பிரதியைத் திரைவாசிப்பானில் கேட்கிறார். அவர் இத்தனை நாள் என் 'இது'க்களை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்? இன்று முழுக்க "அலைநீளத்தால் வகுத்தால்", "வலப்பக்கம் உள்ள வேகம்" என்றே பேசினேன். பாடம் மெதுவாகத்தான் போனது. போகட்டும்.

ஆகஸ்ட் 5
வகுப்பின் நடுவே அந்தக் காது கேளாத மாணவி கை தூக்கினார். ஒலி பரவாத இடத்தில் ஒளி மட்டும் எப்படிப் பரவுகிறது என்று கேட்டார். அவர் குரலை மென்பொருள் பிடிக்கவில்லை. நான் கேள்வியைத் திரும்பச் சொன்னேன். திரையில் "பரவாத" சரியாக விழுந்தது.