நான்கு டெராபைட் பேக்கப்புக்கு ஐரோப்பாவில் இடம் தேடிய கதை

நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூ நகரத்தில் உள்ள ஒரு சின்ன கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில். கம்ப்யூட்டர், நெட்வொர்க் சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு. அலுவலக நாஸ் பெட்டியில் (எல்லோரும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொது டிஸ்க் பெட்டி) சுமார் 4 டெராபைட் இருக்கிறது: வரைபடங்கள், கட்டுமான இடத்தில் எடுத்த படங்கள், ஒப்பந்தங்கள், கணக்குகள். பக்கத்து அலமாரியில் யூஎஸ்பி டிஸ்க்கில் ஒரு நகல். தீயோ திருட்டோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். வெளியே ஓர் இடம் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். மாதம் 50 யூரோவுக்குள் முடியுமானால் செய்யுங்கள் என்றார்.

அவரைச் சம்மதிக்க வைக்க நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. 2021 மார்ச் 10 அதிகாலையில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற பிரெஞ்சு கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. ரைன் நதியை ஒட்டி, எங்கள் ஊரிலிருந்து கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர்தான். ஒரு கட்டடம் முழுவதும் போனது, இன்னொன்றில் ஒரு பகுதி. சர்வரையும் அதன் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதனால் தேடலைத் தொடங்கும்போதே ஒன்றை முடிவு செய்துவிட்டேன்: பேக்கப் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், இரண்டு வேறு நிறுவனங்களிடம் இருக்க வேண்டும். ஒரே நிறுவனம் என்றால் ஒரு கார்டு காலாவதியாகி, பில் கட்டாமல் போய், கணக்கு முடக்கப்பட்டாலே எல்லாம் போய்விடும்.

விலைப் பட்டியல்களைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். இணையத்தில் சேமிப்பு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் எல்லாம் மாதத்துக்கு ஒரு டெராபைட் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நான் பார்த்தபோது பேக்பிளேஸ் பி2 ஆறு டாலர், ஆம்ஸ்டர்டாமில் அவர்களுக்கு டேட்டா சென்டர் உண்டு. வசாபி சுமார் ஏழு டாலர். ஜெர்மன் நிறுவனமான ஹெட்ஸ்னரின் ஸ்டோரேஜ் பாக்ஸ் 5 டெராபைட்டுக்கு, வரி சேர்க்காமல் சுமார் 11 யூரோ. அரிதாக எடுக்கும் ஃபைல்களுக்கான அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் இவை எல்லாவற்றையும்விட மலிவாகத் தெரிந்தது.

அந்த மலிவைப் பார்த்து யாரும் அவசரப்பட வேண்டாம். டீப் ஆர்க்கைவில் போட்ட ஃபைலைத் திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும், மலிவான வழியில் கேட்டால் 48 மணி நேரம் வரை. 180 நாளுக்கு முன் அழித்தாலும் அதுவரைக்குமான காசு கட்ட வேண்டும். அப்புறம் இணையம் வழியாக வெளியே எடுக்கும் கட்டணம் தனி. அமேசானில் அது ஒரு ஜிகாபைட்டுக்கு சுமார் 9 சென்ட். எங்கள் 4 டெராபைட்டை ஒரே ஒரு முறை முழுதாக இறக்கினால் 350 டாலருக்கு மேல் போகும். சர்வர் எரிந்து நிற்கும் நாளில் அந்த பில்லும் வந்து சேரும். வசாபியில் எடுப்பதற்குக் கட்டணமில்லை, ஆனால் எதைப் போட்டாலும் குறைந்தது 90 நாள் வாடகை உண்டு. பழைய பேக்கப்பை வாராவாரம் கழிக்கிறவர்கள் இல்லாத ஃபைலுக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டப்படி, ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப்போவதற்கான கட்டணம் 2027 ஜனவரி 12 முதல் இருக்கக்கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் அது இடம் மாறுவதற்கு. சாதாரணமாக ஃபைலைத் திரும்ப எடுப்பதற்கான கட்டணத்தை அது தொடாது.

காசுக்கு அடுத்தது நேரம். எங்கள் அலுவலக இணைப்பு இறக்கத்துக்கு நொடிக்கு 250 மெகாபிட், ஏற்றத்துக்கு 40 மெகாபிட். 4 டெராபைட்டை ஏற்ற, வேறு யாரும் இணையத்தைத் தொடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். இறக்க ஒன்றரை நாள். இந்தக் கணக்கை முதலாளி முன்னால் வைத்து ஒன்றே ஒன்று கேட்டேன்: ஒன்றரை நாள் வேலை நின்றால் தாங்குமா? தாங்கும், ஆனால் நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் வரைபடம் மட்டும் முதல் காலையிலேயே வேண்டும் என்றார். அந்தப் பதிலில்தான் மொத்த ஏற்பாடும் அமைந்தது. நடப்பு வேலைகளும் கணக்கும் சேர்ந்து சுமார் 600 ஜிபி. அதைத் தனியாகப் பிரித்தேன்.

சட்டம் பக்கம் வருகிறேன். வீடு கட்டுகிறவர்களின் பெயர், முகவரி, வருமான விவரம் எல்லாம் எங்கள் ஃபைல்களில் உண்டு. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் விதி 28 படி சேமிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். இங்கே எல்லோரும் அந்த ஒப்பந்தத்தை அதன் ஜெர்மன் சுருக்கமான 'ஆ-ஃபவ்-ஃபவ்' என்றே சொல்வார்கள். பயந்தது போல் இல்லை, கணக்குக்குள் போய் இணையத்திலேயே முடித்துவிடலாம். அமெரிக்க நிறுவனமா ஐரோப்பிய நிறுவனமா என்பதில் கொஞ்சம் யோசித்தேன். 2018-இன் கிளவுட் சட்டப்படி, அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருக்கும் தரவு எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க அரசு முறைப்படி கேட்டால் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான தரவு ஏற்பாட்டை 2020-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு முறை ரத்து செய்தது. இப்போது 2023 முதல் புதிய ஏற்பாடு இருக்கிறது. அது நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பது சின்ன அலுவலகத்துக்குத் தேவையில்லாத வேலை. ஐரோப்பிய நிறுவனங்களோடு நிறுத்திக்கொண்டேன். மாதத்துக்கு ஒன்றிரண்டு யூரோ கூடுதலானாலும் சரி.

முடிவில் 4 டெராபைட்டும் ஹெட்ஸ்னரின் ஸ்டோரேஜ் பாக்ஸுக்குப் போனது. அவர்களுக்கு ஜெர்மனியிலும் ஃபின்லாந்திலும் டேட்டா சென்டர் உண்டு. நான் ஹெல்சிங்கியைத் தேர்ந்தெடுத்தேன், எங்களிடமிருந்து தள்ளி இருக்கட்டும் என்று. 600 ஜிபி மட்டும் இரண்டாவதாக, பிரெஞ்சு நிறுவனமான ஸ்கேல்வேயின் பாரிஸ் பக்கெட்டுக்கு (அவர்களிடம் நமக்கென்று ஒதுக்கும் சேமிப்பு இடத்தை அப்படிச் சொல்வார்கள்). மென்பொருள் இரண்டுக்கும் ரெஸ்டிக்தான். நம் கம்ப்யூட்டரிலேயே மறையாக்கம் செய்துவிட்டுத்தான் அனுப்பும், சாவி நம்மிடம் மட்டுமே இருக்கும்.

பாரிஸ் பக்கெட்டில் ஆப்ஜெக்ட் லாக் போட்டேன். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பத்துக்காக ஃபைல்களைப் பூட்டும் கும்பல்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடுவது பேக்கப்பை. சர்வருக்குள் வந்தவன் கையில் பேக்கப் கணக்கின் சாவியும் இருக்கும், அதையும் அழித்துவிட்டுத்தான் பணம் கேட்பான். ஆப்ஜெக்ட் லாக் போட்டால் குறித்த நாள் வரை அந்த ஃபைலை அழிக்க முடியாது. அதில் கம்ப்ளையன்ஸ் என்ற கடுமையான வகையில் கணக்கின் உரிமையாளராலும் முடியாது. எனவே முதலில் ஒரு நாள் பூட்டு மட்டும் போட்டுப் பழகுங்கள். தவறாகப் பத்து வருடம் என்று போட்டால் பத்து வருட வாடகைதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ரெஸ்டிக் போன்றவை மாறாத பகுதியை மறுபடி ஏற்றுவதில்லை. முதல் நாள் ஏற்றிய துண்டை வைத்துத்தான் இன்றைய பேக்கப்பும் நிற்கிறது. பூட்டு 30 நாள் என்றால், 31-ஆம் நாள் அந்த முதல் துண்டுக்குப் பாதுகாப்பு இல்லை. நேற்று எடுத்த பேக்கப் பூட்டோடு இருக்கும், அது சாய்ந்து நிற்கும் அடித்தளம் திறந்து கிடக்கும். இதற்கு நான் எடுத்த வழி எளிமையானது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய பேக்கப்பை முதலிலிருந்து தொடங்குகிறேன், பூட்டு 120 நாள். 600 ஜிபி என்பதால் ஒரு வார இறுதியில் ஏறிவிடுகிறது. 4 டெராபைட் முழுவதற்கும் இதைச் செய்ய நினைத்தால் எங்கள் இணைப்பு தாங்காது. ஹெல்சிங்கியில் இருப்பதற்கு ஸ்டோரேஜ் பாக்ஸின் தானியங்கி ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) போதும். சர்வரிலிருக்கும் சாவியை வைத்து ஸ்னாப்ஷாட்டை அழிக்க முடியாது, நிர்வாகப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் கடவுச்சொல் சர்வரில் இல்லை.

இரண்டும் சேர்ந்து மாதம் 40 யூரோவுக்குள் அடங்குகிறது. பிரெஞ்சு நிறுவனத்திடம் அலுவலகத்தின் வாட் எண்ணைக் கொடுத்தால் பில் வரியில்லாமல் வரும், வரியை இங்கே நாமே கணக்கில் காட்ட வேண்டும். கணக்கு பார்க்கும் அம்மையாரிடம் இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது.

திரும்ப எடுத்துப் பார்க்கும் சோதனையை நான் செய்யவில்லை, வரைபடம் போடும் ஒருவரைச் செய்யச் சொன்னேன். ஒரு பள்ளிக்கூடத்தின் முழு ஃபோல்டரைப் பாரிஸிலிருந்து இறக்கித் திறந்தார். ஃபைல் திறந்தது, ஆனால் தளத்தின் பாதி வெறுமையாக நின்றது. படிக்கட்டு இல்லை, தூண் வரிசை இல்லை. வரைபடத்துக்குள் இணைக்கப்பட்ட மற்ற ஃபைல்களைப் பழைய டிரைவ் எழுத்தில் (டிஸ்க்குக்கு விண்டோஸ் தரும் டி, ஈ போன்ற எழுத்து) தேடியிருக்கிறது, இறக்கியது வேறு எழுத்தில். டிரைவ் எழுத்தைப் பழையபடி மாற்றியதும் எல்லாம் வந்து உட்கார்ந்தது. இப்போது மீட்பு முறையை எழுதி வைத்த தாளில் முதல் வரியே அந்த டிரைவ் எழுத்துதான். ரெஸ்டிக் கடவுச்சொல்லும் அதே தாளில் அச்சிட்டு இரண்டு உறைகளில் ஒட்டியிருக்கிறது. ஒன்று முதலாளி வீட்டில், இன்னொன்று வங்கி லாக்கரில். அடுத்த காலாண்டுச் சோதனையை வேறொருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துச் செய்யப்போகிறார்.