42 பவுண்டு அதிகம்

2008 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் குட்டி விமானம் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழ் கைக்கு வந்தது, ரோஸ் நிறத்தில் ஒரு சின்னக் காகிதம். அதை வாங்கக் கெடு ஜனவரி 31. இன்னும் 16 நாள்தான் பாக்கி இருந்தது. அதுவரை ஐந்து மாதமாக நான் சரியாகத் தூங்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன் நானும் என் நண்பனும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கிய விமானம் இது. ஒற்றை இருக்கை, துணி இறக்கை, ரோட்டாக்ஸ் 503 எஞ்சின். "இது அல்ட்ராலைட், அதாவது மிக இலகுவான விமானம், லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம்" என்றார் விற்றவர். அல்ட்ராலைட்டுகளுக்கான அமெரிக்க விதியான பார்ட் 103-உம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வெற்று எடை 254 பவுண்டுக்குக் கீழே இருக்க வேண்டும், பெட்ரோல் டாங்க் 5 கேலனைத் தாண்டக் கூடாது. எங்கள் டாங்க் 10 கேலன். எடையை நாங்கள் போட்டே பார்க்கவில்லை, அவர் சொன்னதை நம்பிவிட்டோம்.

2007 ஆகஸ்ட்டில் பக்கத்து விமானக் கொட்டகைக்காரர் மூன்று தராசு கொடுத்தார். வாலைத் தூக்கி மட்டமாக நிறுத்தினோம். இடது சக்கரம் 125, வலது 127, வால் 44. நண்பன் பேனாவால் உள்ளங்கையில் கூட்டிப் பார்த்தான். 296. மறுபடி கூட்டினான், அதேதான். எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர், பேட்டரி, முன்பக்கக் கூடு, பிரேக் என்று முந்தைய சொந்தக்காரர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்ததன் விலை அது.

2004-இல் வந்த லைட் ஸ்போர்ட் (இலகு ரக விமான) விதி இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு வழி திறந்துவிட்டிருந்தது: பதிவு செய்து, எக்ஸ்பெரிமென்டல் லைட் ஸ்போர்ட் என்று சான்றிதழ் வாங்கிக்கொள்ள முடிந்தது. 2008 ஜனவரி 31-க்குப் பிறகு அந்த வழி மூடிவிட்டது. அதற்குள் வாங்காவிட்டால் இது அல்ட்ராலைட்டும் இல்லை, விமானமும் இல்லை, வெறும் அலுமினியக் குழாய்.

படிவங்களை எடுத்து உட்கார்ந்தபோதுதான் அடி விழுந்தது. அமெரிக்காவில் விமானம் ஒரு தனி ஆளின் பெயரில் பதிவாக, அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் அந்தத் தகுதி வேண்டும். எனக்கு கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நண்பன் அப்போதும் எச்1பி வேலை விசாவில்தான் இருந்தான். பார்ட் 103-இல் பறந்தவரை நீ யார், எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. 42 பவுண்டு கூடியதும் கேட்கிறார்கள்.

"விடுடா, உன் பேர்லயே இருக்கட்டும்" என்றான். அவன் பாதிப் பங்கை என் பெயருக்கு எழுதிக் கொடுத்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதிவுக் கட்டணம் அப்போது 5 டாலர்தான், ஆனால் விண்ணப்பம் திரும்பி வந்தது. விற்றவர் விற்பனைப் பத்திரத்தில் என் பெயரை இனிஷியலோடு எழுதியிருந்தார், கிரீன் கார்டிலோ அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. நம்மவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்ட அந்த மனிதரைக் கண்டுபிடித்து மறுபடி கையெழுத்து வாங்க ஆறு வாரம் போயிற்று.

பதிவு எண் வந்தது. சோதிக்க வந்த டி.ஏ.ஆர். (அரசு சார்பில் விமானத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருபவர்) மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அடையாளத் தகடு தீயில் அழியாத உலோகமாக இருக்க வேண்டும் என்பது விதி, நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். தப்பு எங்களுடையதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எழுத்து அடித்து, ரிவெட் வைத்துப் பொருத்தினோம். இருக்கை பக்கத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று 2 அங்குல எழுத்தில் எழுதினோம். இரண்டாம் முறை அவர் வந்தபோது முதலில் கேட்டது எடைத் தாளைத்தான். பார்ட் 103-க்குள் அடங்காத வண்டிக்குத்தான் இந்தச் சான்றிதழைக் கொடுத்தார்கள், அதற்கு ஆதாரம் அந்த 296. எங்களைப் பயமுறுத்திய அதே தாளைப் பார்த்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

இனி ஓட்டுவதற்கு ஸ்போர்ட் பைலட் சான்றிதழ் வேண்டும். குறைந்தது 20 மணி நேரப் பறத்தல், அதில் 15 ஆசிரியரோடு. கிரீன் கார்டு இருந்தாலும் குடிமகன் இல்லாத வரை டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி, கைரேகை, கட்டணம் (2008-இல் 130 டாலர்) எல்லாம் உண்டு. ஆசிரியரும் டி.எஸ்.ஏ.விடம் பதிந்திருக்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். போனில் முதல் கேள்வியாக இதைக் கேட்டுவிடுங்கள். மருத்துவச் சான்றிதழ் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் போதும். ஆனால் கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்றிதழ் மறுக்கப்பட்டிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். சந்தேகம் இருந்தால் விண்ணப்பிக்காமலே இருங்கள்.

நல்ல விஷயம் ஒன்று உண்டு. சொந்தக்காரனாக இருக்கத்தான் கிரீன் கார்டு வேண்டும், ஓட்டுவதற்கு அது தேவையில்லை. டி.எஸ்.ஏ. அனுமதி கிடைத்தால் எச்1பி-க்காரரும் கற்றுக்கொள்ளலாம். பிறகு நண்பன் கைரேகை கொடுத்துவிட்டு வந்தான். 140 மைல் தள்ளி ஓர் ஆசிரியர் எங்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டார், ஏப்ரலில் தொடங்குவதாக முடிவானது. முதலில் அவன் பறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.